எம்.ஐ.ஏ.: மாதங்கி அருள்பிரகாசத்தின் வாழ்வும் இசையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, லண்டனுக்கு அகதியாகப் போய், உலகம் அறிந்த ராப் பாடகியாக உயர்ந்தவர் எம்.ஐ.ஏ. நம்மிடையே அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு தடங்களில்தான் ஓடுகிறது. ‘நம் பெண் ஆஸ்கர் வரை போனார்’ என்ற பெருமை ஒன்று. ‘அவர் சொன்னது சரியா’ என்ற அரசியல் வாக்குவாதம் இன்னொன்று. அந்த இசை எப்படி உருவானது, அதில் என்ன புதுமை என்ற பேச்சுக்கு இடமே கிடைப்பதில்லை. அது எனக்கு நெடுநாள் மனக்குறை. அதனால் இந்தப் பக்கத்தில் இசைக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எம்.ஐ.ஏ. யார்?

இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். பழகியவர்களுக்கு மாயா. 1975 ஜூலை 18 அன்று லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில், ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். பாடுகிறார், எழுதுகிறார், தாளம் அமைக்கிறார், ஆல்பத்தின் அட்டையைத் தானே வடிவமைக்கிறார், தன் பாடல்களின் காணொளிகள் சிலவற்றைத் தானே இயக்கியும் இருக்கிறார். 2005 முதல் 2022 வரை ஆறு ஆல்பங்கள் வெளியாகியுள்ளன. 2009-ல் ஆஸ்கர், கிராமி இரண்டு விருதுகளின் பரிந்துரைப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. டைம் இதழ் அந்த ஆண்டின் செல்வாக்கு மிக்க நூறு பேரில் ஒருவராகவும் அவரைச் சேர்த்தது.

எம்.ஐ.ஏ. என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

போரில் காணாமல் போனவர்களைக் குறிக்க ராணுவ ஆவணங்களில் எழுதப்படும் எழுத்துகள் அவை (‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’). லண்டனில் ஆக்டன் என்ற பகுதியில் வாழ்ந்தபோது ‘மிஸ்ஸிங் இன் ஆக்டன்’ என்று அந்த இடத்தின் பெயரையும் இணைத்து இதைத் தன் மேடைப் பெயராக்கிக்கொண்டார். தன் வயதை ஒத்த உறவுக்காரப் பையன் ஒருவன் ஈழத்தில் காணாமல் போன துயரமும் அதற்குள் இருக்கிறது.

ஈழத்தில் எவ்வளவு காலம் வாழ்ந்தார்?

ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் லண்டனிலிருந்து இலங்கைக்குத் திரும்பியது. பத்து வயது தாண்டும்வரை அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் கழிந்தது. நடுவில் சிறிது காலம் தாயும் பிள்ளைகளும் சென்னைக்கு வந்து, பாழடைந்த ஒரு வீட்டில் வறுமையோடு போராடியிருக்கிறார்கள். பிறகு மறுபடியும் யாழ்ப்பாணம். அதற்குள் போர் முற்றிவிட்டது.

இந்த ஆண்டுகள் முழுவதும் தந்தை அருகில் இல்லை. இயக்க வேலையில் தலைமறைவாக இருந்தார். எப்போதாவது இரவில் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் வெளியே வாய்தவறிச் சொல்லிவிட்டால் குடும்பத்துக்கே ஆபத்து என்பதால், வந்திருப்பவர் ஒரு மாமா என்றுதான் அவர்களிடம் சொல்லப்பட்டது. பெற்ற அப்பாவை மாமா என்று நினைத்து வளர்ந்த அந்தச் சிறுமி, பின்னாளில் தன் முதல் ஆல்பத்துக்கு அவர் பெயரையே வைத்தார். அவருடைய வாழ்க்கையில் வேறு எந்தத் தகவலையும்விட என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

தந்தை விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவரா?

கிடையாது. மேற்கத்தியப் பத்திரிகைகள் திரும்பத் திரும்பச் செய்த பிழை இது. தமிழிலும் சிலர் அதையே எடுத்து எழுதிவிடுகிறார்கள். தந்தை ஏ. ஆர். அருட்பிரகாசம், அருளர் என்ற பெயரில் அறியப்பட்டவர். 1975-ல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் என்ற ஈழ விடுதலை இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். லெபனானில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தினரிடம் பயிற்சி பெற்றவர். 1977 இனக் கலவரத்துக்குப் பின் கொழும்பிலிருந்து தமிழ் அகதிகளை வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலைக் களமாகக் கொண்ட ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவரும் இவரே. ஈழ இலக்கியம் படிப்பவர்களுக்கு மகளுக்கு முன்பே தந்தையைத் தெரிந்திருக்கும். 2019-ல் காலமானார்.

ஈரோஸும் புலிகளும் வெவ்வேறு இயக்கங்கள். கொள்கையும் தலைமையும் வேறு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் ‘புலியின் மகள்’ என்று எழுதுவது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் அது அவருடைய விசாவையும் தொழிலையும் பாதிக்கக்கூடிய குற்றச்சாட்டாகவும் இருந்தது.

லண்டனில் அவருடைய இளமை எப்படிப்பட்டது?

1986-ல் தாய் கலா பிள்ளைகளோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். தெற்கு லண்டனில் மிட்சம் என்ற இடத்தில், பிப்ஸ் பிரிட்ஜ் குடியிருப்பில் அரசு கொடுத்த வீடு. அங்கே தெற்காசியக் குடும்பங்கள் ஓரிரண்டு மட்டுமே. இனவெறி வசவு அன்றாடம் காதில் விழுந்தது. பள்ளியில் ஆங்கிலத்தை அடியிலிருந்து கற்க வேண்டியிருந்தது. தாய் தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார்.

ஹிப்-ஹாப் அவருக்கு அறிமுகமான விதத்தைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருந்த ரேடியோ திருட்டுப் போய்விட்டது. அதன்பின் இரவில் அவருக்குக் கேட்டது பக்கத்து வீட்டிலிருந்து சுவரைத் தாண்டி வந்த பாட்டுதான். பப்ளிக் எனிமி போன்ற அமெரிக்கக் கறுப்பினக் குழுக்களின் பாடல்கள் அவை. சுவர் வழியே வரும்போது சொற்கள் மங்கிவிடும். தாளம் மட்டும் அழுத்தமாக வந்து சேரும். மொழி சரியாகப் பிடிபடாத ஒரு சிறுமி முதலில் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்கு மிகவும் பொருளுள்ளதாகத் தோன்றுகிறது. பின்னாளில் அவர் எழுதிய பாடல்களிலும் சொல்லைவிடச் சொல்லின் அடிதான் முன்னால் நிற்கிறது.

இசைக்கு வருவதற்கு முன் என்ன செய்தார்?

புகழ்பெற்ற சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் நுண்கலையும் திரைப்படமும் படித்தார். ஆவணப்பட இயக்குநர் ஆவதே அவர் நோக்கம். 2001-ல் கேமராவோடு இலங்கை சென்று உறவினர்களையும் போருக்குள் வாழும் இளைஞர்களையும் படம் பிடித்தார். அந்தப் படம் முடியவில்லை. ஆனால் அந்த ஊரின் புலிகள், பனைகள், ஹெலிகாப்டர்கள், துப்பாக்கிகள் எல்லாம் ஸ்டென்சில் ஓவியங்களாகப் பளிச்சிடும் வண்ணங்களில் மறுபிறவி எடுத்தன. லண்டனில் நடந்த அவருடைய முதல் கண்காட்சி நன்றாகவே கவனிக்கப்பட்டது.

அந்தக் காலத்தில் எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மனின் நட்பு கிடைத்தது. அந்தக் குழுவின் 2000-ம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டை வடிவமைத்தார். அவர்களுடைய அமெரிக்கப் பயணத்தைப் படமெடுக்கவும் போனார். அந்தப் பயணத்தில் உடன் வந்த பீச்சஸ் என்ற பாடகி ஒற்றை ஆளாக, ரோலண்ட் எம்.சி-505 என்ற தாளக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டே மேடையை நிரப்புவார். அந்தக் கருவியை எடுத்து இயக்கிப் பார்க்கச் சொல்லி மாயாவைத் தூண்டியவரும் அவர்தான்.

மேசையில் வைக்கும் அளவுள்ள பெட்டி அது. தாளம், பேஸ், சின்தசைசர் ஒலிகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பொத்தான்களைத் தட்டித் தட்டி ஒரு சுற்றை அமைத்துவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் அடுத்த ஒலியை அடுக்கலாம். சுருதி, ஸ்வரம் எதையும் முறையாகப் படிக்காத ஒருவர் இசையமைக்க முடியும் என்று காட்டிய கருவி. ஃபிரிஷ்மனிடம் ஒரு 505-ஐ இரவல் வாங்கி, படுக்கையறையில் உட்கார்ந்து, மலிவான மைக் ஒன்றை வைத்துத் தன் முதல் பாடல்களைப் பதிவு செய்தார். முதலில் வேறு பாடகிகளைப் பாடவைக்க எண்ணியிருந்தவர், கடைசியில் தானே பாடினார்.

முதல் பாடலும் முதல் ஆல்பமும் எப்போது வந்தன?

‘கலாங்’ என்ற பாடல் 2003-ல் ஒரு சிறு நிறுவனம் வழியாக 500 இசைத்தட்டுகளாக மட்டும் வெளியானது. நடன அரங்குகளில் அது தீயாகப் பரவியதும் எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆல்பம் வருவதற்கு முன் 2004-ன் இறுதியில் டிப்லோ என்ற அமெரிக்க டிஜேயுடன் சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப்பை வெளியிட்டார். 2005-ல் ‘அருளர்’ ஆல்பம். பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு வழங்கப்படும் மெர்க்குரி பரிசுக்கான அந்த ஆண்டின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது.

அந்த நாட்களில் வெளிவந்த ‘சன்ஷவர்ஸ்’ பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைக் குறிப்பிடும் சொல்லை நீக்கினால்தான் ஒளிபரப்புவோம் என்று எம்டிவி சொன்னது. சமரசத்துக்கு அவர் உடன்படவில்லை. பின்னால் வந்த சண்டைகளின் தொடக்கம் அது.

ஆல்பங்களுக்கு ஏன் குடும்பப் பெயர்கள்?

‘அருளர்’ (2005) தந்தையின் இயக்கப் பெயர். தேடுபொறியில் தன் பெயரைத் தேடும் தந்தை தன் ஆல்பத்தில் வந்து நிற்க வேண்டும் என்ற ஆசையால் வைத்தது. பெயரை மாற்றச் சொல்லி அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்ததாகவும், தான் மாற்றவில்லை என்றும் மாயா சொல்லியிருக்கிறார். ‘கலா’ (2007) தாயின் பெயர். ‘மாயா’ (2010) தன் செல்லப் பெயர். ‘மாதங்கி’ (2013) இயற்பெயர். இசைக்கும் வாக்குக்கும் உரிய தேவியின் பெயர். ‘ஏ.ஐ.எம்.’ (2016) மேடைப் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டது. ஆறாவதாக வந்தது ‘மாதா’ (2022).

‘கலா’ ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

என் பார்வையில் அவருடைய ஆகச் சிறந்த படைப்பு இதுதான். அது உருவானதற்குக் காரணமே ஒரு மறுப்பு. 2006-ல் அமெரிக்கா சென்று பெரிய தயாரிப்பாளர்களோடு வேலை செய்யத் திட்டமிட்டிருந்தார். விசா கிடைக்கவில்லை. அமெரிக்கக் கதவு மூடியதும், ஸ்விட்ச் என்ற லண்டன் தயாரிப்பாளரோடு சேர்ந்து, இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போகும் இடமெல்லாம் பதிவு செய்யத் தொடங்கினார்.

சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் ஸ்டூடியோவில் உறுமி மேளக்காரர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் அந்த அடிதான் முதுகெலும்பு. உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த இழுவையான முனகல் ஒலி தமிழர்களுக்கு இழவு வீட்டிலும் கோயில் கொடையிலும் கேட்டுப் பழகியது. அதை எடுத்து நடனப் பாட்டின் அடிநாதமாக வைத்தார். மெருகு போட்டு மென்மையாக்கவே இல்லை. பக்கத்தில் குழந்தைகளின் கூச்சல், கோழி கத்தும் சத்தம், அதன்மேல் அவருடைய குரல். முதல் முறை கேட்கும்போது இரைச்சலாகத்தான் இருக்கும். மூன்றாம் முறை கேட்கும்போது ஒவ்வோர் ஒலியும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெளிவாகும்.

ஆல்பத்தின் முதல் பாடலான ‘பாம்பூ பாங்கா’வைத் தமிழர்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். ‘தளபதி’ படத்தில் இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாடலின் துணுக்கு அதற்குள் ஓடுகிறது. கூடவே ஓர் அமெரிக்க ராக் பாட்டின் வரிகள். ‘ஜிம்மி’ பப்பி லஹரியின் 1980-களின் இந்தி டிஸ்கோ பாட்டுக்கு மறுவடிவம். ‘ஹஸ்ஸல்’ பாடலில் நைஜீரியப் பின்புலம் கொண்ட லண்டன் ராப் பாடகர் ஆஃப்ரிகன் பாய் வருகிறார். இன்னொரு பாடலில் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் குழு ஒன்று டிஜரிடூ என்ற நீண்ட ஊதுகுழலின் பின்னணியில் ராப் பாடுகிறது.

பல நாட்டு இசையைக் கலப்பது அப்போதும் புதிதல்ல. அதுவரை கலந்தவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து, அழகானதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனவர்கள். மாயா கலந்தது வேறு வகை. ஊர்விட்டு ஊர் போனவர்கள் வாழும் லண்டன் தெருவில் நடந்தால் ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒவ்வொரு நாட்டுப் பாட்டு ஒரே நேரத்தில் காதில் விழும். அகதியின் காது பழகியிருப்பது அந்தக் கேட்புமுறைக்குத்தான். அதைத் தூய்மைப்படுத்தாமல் அப்படியே பாப் இசைக்குள் கொண்டுவந்ததுதான் அவருடைய சாதனை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாட்டு வரிகளில் உள்ள அரசியலைப் பற்றி எழுதுபவர்கள், ஒலியை அடுக்கிய முறையிலேயே அந்த அரசியல் இருப்பதைக் கவனிப்பதில்லை.

‘பேப்பர் பிளேன்ஸ்’ எதைப் பற்றிய பாட்டு?

‘கலா’வில் உள்ள பாட்டு. விசாவுக்காக அலைந்த எரிச்சலிலிருந்து பிறந்தது. குடியேறி வந்தவன் என்றாலே கள்ளப் பாஸ்போர்ட் அடிப்பவன், பணத்தைப் பறிக்க வந்தவன் என்று பார்க்கும் பார்வையை எடுத்து, அந்தப் பாத்திரமாகவே மாறிப் பாடுகிறார். பல்லவியில் சொற்கள் பாதியில் நின்றுவிடும். மிச்சத்தைத் துப்பாக்கி வெடிச் சத்தமும், கல்லாப்பெட்டி திறக்கும் ‘சிளிங்’ ஒலியும் முடித்துவைக்கும். குரலோ தாலாட்டுப் போல அத்தனை சாந்தம். அந்த முரண்தான் பாட்டின் உயிர்.

அடியில் ஓடும் கிதார், தி கிளாஷ் குழுவின் 1982-ம் ஆண்டுப் பாடலிலிருந்து எடுத்தது. அதுவும் குடியேறிகள் ஒதுக்கப்படுவதைப் பாடிய பாட்டு என்பதால் தேர்வு தற்செயலானதல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியில் அவர் பாடியபோது துப்பாக்கி ஒலியை மாற்றிவிட்டார்கள். அந்த ஒலியை நீக்கினால் பாட்டில் பாதி போய்விடுகிறது.

2008-ல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்தில் பயன்படுத்தப்பட்ட பிறகு அது பெருவெற்றி பெற்று, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம்வரை ஏறியது. ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி பரிந்துரையும் கிடைத்தது. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் இடம்பெற்றது.

அவரை ராப் பாடகி என்று சொல்வது சரியா?

சரிதான். ஆனால் நீண்ட கதை சொல்லும், எதுகைகளை அடுக்கி வியக்கவைக்கும் ராப் மரபில் அவரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அவருடையது கோஷத்துக்கும் குழந்தைப் பாட்டுக்கும் இடைப்பட்ட நடை. சிறுசிறு வரிகள், திரும்பத் திரும்ப வரும் ஓசைச் சொற்கள், ஜமைக்கா டான்ஸ்ஹால் பாடகர்களிடம் கற்ற அழுத்தம். குரலையே இன்னொரு தாளக் கருவியாக வைத்துக்கொள்கிறார். ராப் தொழில்நுட்பத்தில் அவரைவிடத் தேர்ந்த பெண்கள் பலர் உண்டு. எம்.சி. லைட், லாரின் ஹில், மிஸ்ஸி எலியட் ஆகியோரைக் கேட்டவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஒரு பாட்டின் மொத்த ஒலியையும் கற்பனை செய்வதில் மிஸ்ஸி எலியட்டுக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தவர் என்பது என் கருத்து.

தமிழில் பாடியிருக்கிறாரா?

அவருடைய பாட்டுமொழி ஆங்கிலம், அதிலும் லண்டன் தெரு ஆங்கிலம். தமிழ் அவர் இசையில் தாளமாகவும், திரைப்பாடல் துணுக்குகளாகவும், ஆல்பப் பெயர்களாகவும், காணொளிப் படிமங்களாகவும் வருகிறது.

2009-ல் நடந்தது என்ன?

பிப்ரவரி 8, லாஸ் ஏஞ்சலிஸ், கிராமி விருது மேடை. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டிலிருந்து அவருடைய குரலை எடுத்து அமைத்த ‘ஸ்வாகா லைக் அஸ்’ பாடலை ஜே-ஸீ, டி.ஐ., கான்யே வெஸ்ட், லில் வெய்ன் நால்வரும் பாட வேண்டும். நால்வரும் கோட்டு சூட்டு அணிந்து கறுப்பு வெள்ளைப் படம்போல நின்றார்கள். அவர்கள் நடுவில் நிறைமாதக் கர்ப்பிணியாக மாயா, உடல் தெரியும் மெல்லிய வலைத்துணியில் கறுப்பு வட்டங்கள் ஒட்டிய குட்டை உடையில், வயிற்றை மறைக்காமல் ஆடிப் பாடினார். பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த நாளே அதுதான். சில நாட்களில் மகன் பிறந்தான். ராப் மேடையில் தாய்மை அதற்குமுன் அப்படித் தலைநிமிர்ந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

அதே மாதம் ஆஸ்கர். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ஏ. ஆர். ரகுமானோடு சேர்ந்து எழுதிய ‘ஓ… சாயா’ சிறந்த பாடலுக்கான பரிந்துரையில் இருந்தது. ரகுமானின் ‘ஜெய் ஹோ’ வென்றது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் வன்னியில் போர் இறுதிக் கட்டத்தில் இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் பாராட்ட அழைத்த இடங்களில் அவர் தமிழ் மக்கள் கொல்லப்படுவதைப் பற்றிப் பேசினார். இனப்படுகொலை என்ற சொல்லையே பயன்படுத்தினார். புலி ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டு வலுத்தது; தான் பேசுவது குடிமக்களுக்காக என்று அவர் பதில் சொன்னார். அவருடைய படங்களிலும் உடைகளிலும் புலி உருவம் இடம்பெற்றது உண்மை. அதைப் பார்த்து மனம் புண்பட்டவர்கள் இலங்கையில் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனாலும், உலகின் பெரிய மேடைகளில் ஏறி அந்த மாதங்களில் எங்கள் பெயரைச் சொல்ல வேறு ஒருவரும் இல்லாதிருந்தபோது அவர் சொன்னார். அந்த நன்றியை நான் மறைக்க விரும்பவில்லை.

‘பார்ன் ஃப்ரீ’ காணொளி ஏன் நீக்கப்பட்டது?

2010-ல் ரோமேன் காவ்ராஸ் இயக்கிய, ஏறத்தாழ ஒன்பது நிமிடக் குறும்படம். ராணுவத்தினர் ஒரு குடியிருப்புக்குள் புகுந்து செம்பட்டை முடி உள்ளவர்களை மட்டும் பிடித்து, வண்டியில் ஏற்றி, பாலைவெளியில் ஓடவிட்டுச் சுடுகிறார்கள். தலைமுடியின் நிறத்துக்காக ஒருவரைக் கொல்வது எவ்வளவு அபத்தமோ அவ்வளவு அபத்தம்தான் இனத்துக்காகக் கொல்வதும். வன்முறைக் காட்சிகளுக்காக யூடியூப் அமெரிக்காவில் அதை எடுத்துவிட்டது. இலங்கையில் கைகள் கட்டப்பட்ட இளைஞர்கள் சுடப்படும் உண்மைக் காணொளி வெளியானபோது எழாத சீற்றம், நடிகர்களை வைத்து எடுத்த படத்துக்கு எழுந்ததை மாயா சுட்டிக்காட்டினார். பார்க்கக் கடினமான படம். சிறுவர்களோடு பார்க்க வேண்டாம்.

நியூயார்க் டைம்ஸ் சர்ச்சை என்பது எது?

2010-ல் அந்தப் பத்திரிகையின் ஞாயிறு இதழ் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டது. அரசியல் போராளிபோலப் பேசிக்கொண்டே விலையுயர்ந்த ட்ரஃபிள் உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிடுகிறார் என்று அதில் ஒரு சித்திரம். மாயா தான் ரகசியமாகப் பதிவு செய்திருந்த உரையாடலை வெளியிட்டார். அந்த வறுவலைக் கொண்டுவரச் சொன்னவர் கட்டுரையாளரே என்பது அதில் கேட்டது. மேற்கோள்களைக் கையாண்ட விதம் பற்றிப் பத்திரிகை பின்னர் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. கட்டுரையாளரின் தொலைபேசி எண்ணையும் மாயா ட்விட்டரில் போட்டிருந்தார், அது தவறு.

சூப்பர் பவுல் வழக்கு என்ன ஆயிற்று?

2012 பிப்ரவரி 5, இண்டியானாபோலிஸ். அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில் மடோனா, நிக்கி மினாஜ் ஆகியோரோடு பாடியபோது கேமராவை நோக்கி நடுவிரலைக் காட்டினார். சுமார் 11 கோடிப் பேர் பார்த்த நிகழ்ச்சி. கால்பந்து லீக் அவரிடம் கேட்ட தொகை ஒரு கட்டத்தில் 1.66 கோடி டாலர்வரை போனது. 2014-ல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

அதற்குப் பிறகு குறிப்பிடத்தக்க பாடல்கள் உண்டா?

‘பேட் கேர்ள்ஸ்’ (2012). மொராக்கோவின் பாலைச் சாலையில், நீண்ட அங்கி அணிந்த பெண்கள் கார்களை இரண்டு சக்கரத்தில் சாய்த்து ஓட்டுகிறார்கள். சாய்ந்து ஓடும் காரின் மேல்பக்கத்தில் உட்கார்ந்து மாயா நகம் சீவிக்கொண்டிருப்பார். சவூதி அரேபியாவில் பெண்கள் கார் ஓட்டத் தடை இருந்த காலம் அது. சிறந்த இயக்கத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் எம்டிவி விருதுகளைப் பெற்றது.

‘பார்டர்ஸ்’ (2015) அவரே இயக்கியது. கம்பிவேலியில் ஏறுகிறவர்கள், படகில் நெருங்கி உட்கார்ந்திருப்பவர்கள் என அகதிகளின் உருவங்களையே கட்டடம்போல அடுக்கிக் காட்டினார். அதில் அணிந்திருந்த பாரிஸ் கால்பந்துக் கழகச் சட்டையின் விளம்பரச் சொற்களை மாற்றியதற்காகக் கழகம் எதிர்ப்புக் கடிதம் அனுப்பியது.

அவரைப் பற்றிய ஆவணப்படம்?

2018-ல் வந்தது. கல்லூரித் தோழர் ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கியது. இளமையிலிருந்து மாயாவே எடுத்து வைத்திருந்த காட்சிகள்தான் அதன் பெரும்பகுதி. 2001 இலங்கைப் பயணத்தின் காட்சிகளும் இருக்கின்றன. சன்டான்ஸ் திரைவிழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருது பெற்றது. இசை குறைவாக இருக்கிறது என்று மாயா வருத்தப்பட்டார். அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் தவறவிடக்கூடாத படம்.

பிரிட்டிஷ் அரசின் விருதை ஏன் ஏற்றுக்கொண்டார்?

அரசை விமர்சித்தவர் எம்.பி.இ. பதக்கம் வாங்கலாமா என்று கேட்டார்கள். 2019-ல் அறிவிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் இளவரசர் வில்லியமிடம் பெற்றுக்கொண்டார். காரணம் தாய். அகதியாக வந்து இறங்கிய கலாவுக்குக் கிடைத்த வேலை, அரசி வழங்கிய பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலை. குறைந்த கூலிக்கு ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார். ஆண்டாண்டுகளாகத் தான் தைத்ததை யார் யாரோ நெஞ்சில் குத்திக்கொண்டு போக, அதில் ஒன்று தன் மகளுக்கும் வந்தது.

அண்மைக் காலக் கருத்துகளால் ரசிகர்கள் விலகியது ஏன்?

2016-ல் அமெரிக்கக் கறுப்பின உரிமை இயக்கத்தைப் பற்றி ஒரு பேட்டியில் பேசியது புண்படுத்தியதால் லண்டன் ஆஃப்ரோபங்க் விழாவிலிருந்து விலக்கப்பட்டார். 2020-ல் தடுப்பூசிக்கு எதிராக எழுதினார். 2024-ல் மின்காந்த அலைகளைத் தடுப்பதாகச் சொல்லும் ஆடைகளை விற்கத் தொடங்கினார். இடையில் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வந்ததை 2022-ல் வெளிப்படையாகப் பேசினார். அது அவருடைய சொந்த விஷயம். தடுப்பூசி அப்படியல்ல. அது உயிர் காக்கிறது. அவர் சொன்னது தவறு. அரசும் ஊடகமும் பொய் சொல்வதைச் சிறுவயதிலேயே கண்ணால் கண்ட ஒருவருக்கு எதையும் நம்பாத மனநிலை எப்படி வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. புரிவதால் அதை ஏற்க வேண்டியதில்லை. அவருடைய கருத்துகளை எதிர்த்துக்கொண்டே அவர் இசையை நேசிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

‘கலா’வை முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாற்றாமல். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். உறுமியின் அடி அதில் காணாமல் போய்விடும். நல்ல ஹெட்ஃபோன் போதும். அடுத்து ‘அருளர்’. அதில் 505 பெட்டியின் ஒலி பச்சையாக இருக்கும். ‘மாயா’ அமெரிக்கப் பட்டியலில் 9-ம் இடம்வரை போனது, ‘கலா’வைவிட மேலே, ஆனால் கேட்கக் கரடுமுரடானது, முதலில் எடுத்தால் சலிப்பு வரலாம். ‘மாதங்கி’யில் ‘பேட் கேர்ள்ஸ்’ இருக்கிறது, அதிலிருந்து உள்ளே போங்கள். காணொளிகளில் ‘பார்டர்ஸ்’ முதலில், ‘பார்ன் ஃப்ரீ’ மனம் திடமாக இருக்கும் ஒரு நாளில்.